மழை மூடிய குழிகள்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒரு பெருமழையில் மண் சரிந்து, தேயிலைத் தொழிலாளர்களான நாங்கள் குடியிருந்த லயத்துக்கு அப்பால் இருந்த என் காய்கறித் தோட்டம் வெறும் பள்ளமானது. இலங்கையே வேண்டாம், இந்தியாவுக்கே போய்விடுவோம் என்றேன்.

"போறதுன்னா நீங்க போங்க" என்றாள் மனைவி.

மனிதன் நிலாவில் இறங்கிய சமயம் அது. பதுளையில் முடிவெட்டும் கடையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, பத்திரிகையில் நிலாவின் படத்தைக் காட்டினார். எங்கும் குழிகள். விண்கற்கள் விழுந்து வந்தவையாம்.

நாற்காலியில் இருந்தபடியே அவர் பக்கம் திரும்பினேன். "இங்கயும் விழுமா நானா?"

"எப்பவோ விழுந்திருக்கு. மலையளவு கல்லு விழுந்து பாறையே உருகியிருக்காம்."

"அந்தக் குழியெல்லாம் எங்க?"

"நிலாவுல மழை இல்ல, குழி அப்படியே கெடக்கு. இங்க மழை கரையைக் கரைச்சு உள்ள மண்ணை நிரப்பிரும். சிலது குளமாயிரும். சிலதுல காடே முளைச்சிரும்."

"தலையை ஆட்டாதீங்க" என்றார் முடிவெட்டுபவர். "கல்லு விழறதுக்கு முந்தி காது விழுந்துரும்."

வீடு திரும்பியதும் பள்ளத்துக்குள் இறங்கினேன். ஓரங்கள் கரைந்து, அடியில் கறுப்பு மண் சேர்ந்திருந்தது. புல்லும் முளைத்திருந்தது.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி மேலிருந்து.

"மம்பட்டிய எடுத்துட்டு வா" என்றேன்.

நாங்கள் இந்தியாவுக்குப் போகவில்லை. மழை பெய்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. விடிந்ததும் பள்ளத்துக்குப் போய், அங்கே நட்ட போஞ்சிக் கொடிகளுக்குப் புதுமண் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.