சவரி அத்தை ஏரிக்கரையில் கண்டது

தண்ணீர் வற்றி வரும் ஏரிக்குச் சேறும் அழுகின பாசியும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறினால் எனக்குத் தவக்காலமும் சவரி அத்தையும்தான் ஞாபகத்துக்கு வரும். எழுதிப் பழக்கமில்லாதவள் நான், ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; முன்னே பின்னே சொல்லுவேன், பலதும் மறந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கோவில்பதாகை ஏரிக்குப் பக்கத்தில், பயிர் வைக்கும் இந்துக் குடும்பங்களுக்கு நடுவே எங்கள் கிறிஸ்தவத் தெரு ஒன்று இருந்தது. கூரை வேய்ந்த ஒரு கோயில். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பட்டாபிராமில் ரயிலிறங்கி மாட்டுவண்டியில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும், எங்களுக்கு "ஞானோபதேசம்" சொல்லிக் கொடுப்பதும் உபதேசியார்தான். அந்த வருஷம் நான், முதல் தடவை நற்கருணை வாங்குகிற "புது நன்மை"க்குப் படித்துக்கொண்டிருந்தேன். விசுவாசம் என்றால் சருவேசுரன் வெளிப்படுத்தி, திருச்சபை கற்பிக்கிறதை, கண்ணால் காணாமலே, அவர் சொன்னார் என்பதற்காக நம்புவது என்று எங்களுக்குப் பாடம்.

சவரி அத்தை என் அப்பாவின் தங்கை. புருஷன் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். ஒரு பசு வைத்துப் பால் விற்றாள். பெரிய பக்திக்காரி என்று சொல்ல முடியாது. ஜெபமாலையில் பாதியில் தூங்கிவிடுவாள். பாலில் தண்ணீர் கலப்பாள், ஆனால் யாராவது கேட்டால் கலந்தேன் என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் காலை புல்லறுக்கப் போனவள் அரைக்கட்டோடு திரும்பி வந்து, அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "அண்ணி, கரை மேல பனமரம் கீதே, அங்க மாதா நின்னுகினு இருந்தாங்க, இடுப்புல கொழந்தையோட" என்றாள்.

அம்மா முறத்தை நிறுத்தவில்லை. "வெறும் வயித்தோட போவாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? வா, கஞ்சி குடி" என்றாள்.

ஆனால் அதே அம்மாதான் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். அந்த வாரத்துக்குள் ஆவடியிலிருந்தெல்லாம் ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் பனைமரத்தடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஊர்ப் பெண்கள், "அது எங்க ஏரி காக்கிற அம்மா, உங்களுக்கு அடையாளம் தெரியல" என்று மரத்துக்கு மஞ்சள் புடவை கட்டிக் கற்பூரம் கொளுத்தினார்கள். சண்டை ஒன்றும் இல்லை. "யாரா இருந்தா இன்னா, மழைய அனுப்பினா செரி" என்று இரண்டு பக்கமும் ஒத்துப் போனார்கள். பட்டாணி சுண்டல்காரன்கூட வந்து உட்கார்ந்துவிட்டான். மாதா மழை வரும் என்று சொன்னதாக ஒருத்தி, கொள்ளைநோய் வரும் என்று சொன்னதாக இன்னொருத்தி. "ஐயோ, அவங்க வாயே தொறக்கலன்னு சொல்றேனே" என்று அத்தை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு உபதேசியாரும் அப்பாவும் நாங்கள் சில பிள்ளைகளும்தான் இருந்தோம். உபதேசியாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை சாமியார் முன்னால, கோயில் வாசல்ல முழங்கால்ல நின்னு, நான் சொன்னது பொய்யின்னு அவ சொல்லணும். இல்லாங்காட்டி இந்தப் பாஸ்குக்கு அவளுக்கு நன்மை கிடையாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். பாஸ்கு என்றால் ஈஸ்டர்; அதற்கு நன்மை வாங்காதவர்களை அந்தக் காலத்தில் வெளியாளாகத்தான் நினைப்பார்கள். அப்படியே செத்தால் கல்லறைத் தோட்டத்திலும் இடம் கொடுக்கமாட்டார்கள். அத்தையின் புருஷன் அங்கேதான் இருந்தார்.

"ஒரே ஒரு வார்த்த, சவரி. சொல்லிட்டு எழுந்து வந்துடு" என்று அப்பா கெஞ்சினார். அத்தை மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே குழப்பம். காணாமல் நம்புவதுதான் விசுவாசம் என்றால், கண்டுவிட்ட அத்தையுடையது என்னது? உபதேசியாரைக் கேட்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் வாசலில் நாற்காலி போட்டுச் சாமியார் உட்கார்ந்தார். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். தெருவே கூடியிருந்தது. சாமியார் புத்தகத்தில் படித்த தமிழ்தான் பேசுவார். "மகளே, நீ கண்டதாகச் சொல்வது யாது?" என்றார்.

அத்தை திருதிருவென்று விழித்து அப்பாவைப் பார்த்தாள். "நீ பாத்தது இன்னான்னு கேக்கறாரு" என்றார் அப்பா.

"மாதாவ பாத்தேன் சாமி."

"உன்னிடம் என்ன உரைத்தார்கள்?"

"ஒண்ணும் பேசல சாமி. நான் புல்லுக்கட்ட கீழ வச்சிட்டுக் கும்பிட்டேன். அப்பால மாடு கத்துச்சு, வந்துட்டேன்."

கூட்டத்தில் சிரிப்பு. "பாரு, மாதாவையே நிக்க வச்சிட்டு மாட்டப் பாக்க ஓடி வந்துகீறா!" என்றான் ஒருவன். சாமியாரும் தாடியைத் தடவிக்கொண்டார்.

"பொய்யின்னு சொல்லச் சொல்லுங்க சாமி" என்றார் உபதேசியார்.

அத்தை தலையை நிமிர்த்தினாள். "கூட்டத்த போவச் சொல்றேன் சாமி. இனிமே யார்கிட்டயும் இத்தப் பத்தி வாயத் தொறக்கல. ஆனா பாக்கலன்னு சொல்லமாட்டேன். பாத்துட்டுப் பாக்கலன்னா அதுதானே பொய்? பொய்யச் சொல்லிட்டு எந்த வாயில நன்மை வாங்கறது?"

சாமியார் எழுந்து ஜனங்களைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் எழுதுகிறேன். எல்லாரும் ஈடேற அறிய வேண்டியதைச் சருவேசுரன் சேசுநாதர் வழியாக வெளிப்படுத்திவிட்டார். அது அப்போஸ்தலர்கள் காலத்தோடு முடிந்து திருச்சபையின் கையில் இருக்கிறது. அதோடு எதையும் கூட்ட எனக்கும் அதிகாரம் இல்லை, இவளுக்கும் இல்லை. இவள் கண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண்டிருந்தால் அது இவளுக்கு. நீங்கள் நம்பக் கடமைப்பட்டவர்கள் இல்லை. தெரியாத ஒன்றைப் பொய் என்று சொல்லவைக்கத் திருச்சபைக்கு அவசியம் இல்லை. ஆனால் இவள் கீழ்ப்படிய வேண்டும். இனி அந்தக் கரைக்குப் போகக் கூடாது.

"அப்ப மாட்டுக்குப் புல்லு?" என்றாள் அத்தை.

"வேறிடத்தில் அறுத்துக்கொள்."

"செரி சாமி."

அன்றைக்கே அவளுக்கு நன்மை கொடுத்தார். உபதேசியார் பாட்டை எடுத்துக் கொடுக்க மறந்து நின்றதும், அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் கொஞ்ச நாளில் நின்றது. சுண்டல்காரன் வேறு இடம் பார்த்துப் போனான். மழை அது வருகிற காலத்தில் வந்தது. கேலிதான் நிற்கவில்லை, "இன்னா சவரி, இன்னிக்கு யாரப் பாத்தே?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான். அத்தை பாலை அளந்து ஊற்றிவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்குப் பின்னாலேயே கரை நிறையப் புல் கிடக்க, அவள் பட்டாபிராம் ரயில் பாதை வரைக்கும் நடந்து போய் அறுத்துத் தலையில் சுமந்துகொண்டு வருவாள், அடை மழையிலும்கூட. "சாமியாரு எங்கியோ கீறாரு, யாரு பாக்கப் போறாங்க அத்தே?" என்று ஒருநாள் கேட்டேன். "போவமாட்டேன்னு சொல்லிட்டேனே" என்றாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி வேலப்பன்சாவடிக்குப் போன பிறகு, முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். என் குழந்தைக்கு அத்தை தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. மனதில் அத்தனை வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: "மாதா எப்படி இருந்தாங்க அத்தே?"

அவள் துவட்டுகிற கை நிற்கவில்லை. "அது உனக்கு இன்னாத்துக்கு? உனக்கு வேண்டியதெல்லாம் கோயில்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. கொழந்தையப் புடி, ஈரம்" என்றாள்.

அவளைப் புருஷன் பக்கத்தில்தான் அடக்கம் செய்தோம். நம்பக் கடமையில்லை என்று சாமியார் சொன்னார். இருந்தும் நான் நம்பினேன். மாதாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும், அத்தையைத் தெரியும்.

போன வருஷம் பேரன் வண்டியில் அந்தப் பக்கம் அழைத்துப் போனான். கூரைக் கோயில் இருந்த இடத்தில் பெரிய கட்டடம். கரையில் நடப்பதற்குக் கல் பாவி விளக்குப் போட்டிருக்கிறார்கள். பனைமரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எந்த இடம் என்று காட்டவும் எனக்குத் தெரியவில்லை. புல்லுக்குப் போகிறவர்களும் இல்லை.

வேதம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், சாமியார் சொன்னதாக நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள், எனக்கு அந்தப் படிப்பு போதாது. ஊர்ப் பெயர், வழி ஏதாவது மாறியிருந்தாலும் சரி பாருங்கள். அத்தை பேசினதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது நான் காதால் கேட்டது.