சுவிஸ் மாப்பிள்ளையின் கோப்பி மெசின்

மாப்பிள்ளைக்கு முன்னால் அவருடைய கோப்பி மெசின் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை கடைசிவரை வரவேயில்லை. அதற்கு அந்த மெசின்தான் காரணம் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. உரும்பிராயில் அம்மப்பாவின் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அம்மாவின் தங்கையான சின்னம்மா அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, அவருக்குக் கம்பஸ் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் தெல்லிப்பழையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிஸில். சீதனமும் வேண்டாம், பொம்பிளையை அனுப்பினால் போதும் என்றார்கள். நாடு கிடந்த கிடையில் ஒரு பிள்ளையாவது பத்திரமாக வெளியே போய்ச் சேரட்டும் என்று அம்மப்பா நினைத்தார். அவர் நினைத்தால் நினைத்ததுதான். சின்னம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

“ஐயா, நான் கம்பஸுக்குப் போகப்போறன்.”

“அங்கை போயும் படிக்கலாம்தானே பிள்ளை.”

அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

மற்ற மாப்பிள்ளைமார் சேலை அனுப்புவார்கள், சென்ற் போத்தல் அனுப்புவார்கள். இவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் கோப்பி மெசினைக் கொடுத்துவிட்டிருந்தார். விடிய எழும்பினால் அவருக்கு அந்த மெசின் கோப்பிதான் வேண்டுமாம். பொம்பிளை இப்போதே பழகட்டுமாம். சுற்றி நின்று பெட்டியைத் திறந்தோம். கறுப்பும் வெள்ளியுமாக, சின்னக் குழாயும் நீளக் கைபிடியுமாக அது இருந்தது. விளக்கப் புத்தகம் ஜேர்மன் மொழியில் இருந்ததால் எல்லோரும் படம் பார்த்தோம். படம் பார்ப்பதில் அன்றைக்கு எனக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

முதல் கரைச்சல் பிளக்கில் வந்தது. எங்கள் சுவரில் அது ஏறாது. அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கறண்ட் வேலை பார்த்தவர். பிளக்கை வெட்டி வேறொன்று பூட்டிவிட்டு, மெசினையே தான் செய்தது போல எங்களைப் பார்த்தார். தண்ணீர் விட்டு, கைபிடிக்குள் இருந்த சின்ன வடியில் அம்மா இடித்த கோப்பித்தூளை அமத்தி, சுவிச்சைப் போட்டோம். சிவப்பு லைற் பத்தியது. மெசின் உறுமியது, நடுங்கியது. ஒரு சொட்டும் வரவில்லை.

“வோல்ற்றேஜ் காணாது,” என்றார் அப்பா. எது நடக்காவிட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் வடிக்குள் கோப்பி கல்லாகிக் கிடந்தது. சீமெந்து இறுகுவதும் இப்படித்தான் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். எங்கள் ஊர்க் கோப்பியில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, அரிதட்டில் மாவாக அரிப்போம். அம்மாவின் கோப்பித்தூள் அந்த வட்டாரத்தில் பெயர்போனது. அதைக் குறை சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. சின்னம்மாதான் துணிந்து சொன்னார், “அக்கா, உங்கடை தூள் நல்ல தூள்தான். ஆனா இதுக்குச் சரிவராது. ஆவி பூந்து போறதுக்கு வழியில்லை.”

அதன் பிறகு மெசின் முழுக்கச் சின்னம்மாவின் கையில் போயிற்று. வெறும் கோப்பிக்கொட்டையைக் குருணலாக இடித்து வேறொரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு வைத்தார். இந்தப் பேணி மெசினுக்கு, மற்றப் பேணி மனிசருக்கு என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார். எவ்வளவு அமத்த வேண்டும், எப்போது நிற்பாட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எல்லாவற்றிலும் முக்கியமான சட்டம் ஒன்றும் போட்டார். மெசின் அடைத்துக்கொண்டால் பக்கத்துக் குழாயைத் திறந்து ஆவியை முழுக்க விடவேண்டும், அதற்குமுன் கைபிடியைத் தொடவே கூடாது. அந்தக் குழாயிலிருந்து ‘உஸ்’ என்று ஆவி வருவதைக் கண்ட அம்மப்பாவுக்குத் தன்னுடைய மூக்கடைப்பும் தடிமனும் ஞாபகம் வந்துவிட்டன. கதிரையைத் தள்ளிப் போட்டு, தலையில் துவாயை மூடிக்கொண்டு அதன்முன் குனிந்திருந்தார். சுவிஸ் மாப்பிள்ளையால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று அம்மா பிறகு சொல்வார்.

கடைசியில் ஒருநாள் கோப்பி வந்தது. கறுத்து, மேலே பொன் நிற நுரையோடு, இரண்டு வாய்க்குக் காணும்.

அம்மப்பா கோப்பையை எட்டிப் பார்த்தார். “இது கோப்பியோ, கண்ணுக்கு விடுற மருந்தோ?”

ஆனாலும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மாப்பிள்ளையின் தாய் தகப்பனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அவர்கள் ஒரு பின்னேரம் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். தகப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், நெற்றி நிறைய விபூதி. மெசின் வேலை செய்வதைத் தான் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னதால், அதை மேசையோடு ஹோலுக்குத் தூக்கி வந்தோம். சுவிச் போடுகிற பதவி எனக்கு. சின்னம்மா நீலச் சேலையில் குனிந்த தலை நிமிராமல் வந்து பேணியைத் திறந்தார். எனக்குத் திக்கென்றது. அது மனிசருக்கான பேணி. மல்லி வாசம் என் மூக்குவரை வந்தது.

“சின்னம்மா, அது மற்றப் பேணி,” என்று காதுக்குள் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் குஞ்சு. நீ சுவிச்சைப் போடு.”

பெரியவர்கள் தெரியாத விசயத்துக்குத்தான் தெரியும் என்பார்கள். பாவம், பயத்தில் மாறிவிட்டது என்று நினைத்தபடி சுவிச்சைப் போட்டேன். மெசின் உறுமியது. எல்லோரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை காய்ந்தபடியே இருந்தது. அப்பா மெதுவாக வோல்ற்றேஜைப் பற்றி ஏதோ தொடங்கினார்.

தகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. “விடுங்கோ, மகன் எனக்கு எல்லாம் விளங்கப்படுத்தினவன்,” என்று எழும்பி வந்தார்.

“மாமா, கைபிடியைத் தொடாதேங்கோ. முதல் ஆவியை விடவேணும்.” சின்னம்மா சுவிச்சை நிற்பாட்டிவிட்டுக் குழாயைத் திறக்கப் பாய்ந்தார். குழாய் பாதி திறக்க முதல் தகப்பன் கைபிடியைத் திருகிவிட்டார்.

டப் என்றது. அடுத்த நிமிடம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும் புள்ளி புள்ளியாக நின்றன. நெற்றியில் மூன்று விபூதிக் குறிக்கு நடுவே, சந்தனம் வைக்கிற இடத்தில், ஒரு கோப்பிப் பொட்டு. நல்லகாலம், சூடு பெரிதாகப் படவில்லை. சின்னம்மா பதறிப்போய்த் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடிவந்தார். அந்தப் பயம் உண்மையான பயம்தான். ஒரு சொட்டும் வராமல் நிற்கும் என்று நினைத்தாரே தவிர, இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று கனகாலத்துக்குப் பிறகு அவரே சொன்னார்.

அம்மா உள்ளே போய் வழக்கமான கோப்பியைப் பெரிய கிளாசில் போட்டுக்கொண்டு வந்தார். துடைத்தபடி அதைக் குடித்த தகப்பன், “கோப்பி எண்டா இது,” என்று இன்னொரு கிளாசும் வாங்கிக் குடித்தார். ஆனால் தாயின் முகம் இளகவில்லை.

“நல்ல காரியம் பேச வந்த இடத்திலை சகுனம் சரியில்லை. பிள்ளைக்கும் மெசின் கைவராது போலை கிடக்கு. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். மெசினையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள்.

அம்மப்பா சாய்மனைக் கதிரையில் போய் விழுந்தார். சின்னம்மாவுக்குக் கைவராது என்று சொன்னதை என்னால் தாங்கமுடியவில்லை. எங்கள் வீட்டில் அவரைவிட அந்த மெசினைத் தெரிந்தவர் யார்? நேரே அம்மப்பாவிடம் போனேன்.

“அம்மப்பா, சின்னம்மாவுக்கு வடிவாப் போடத் தெரியும். இண்டைக்குப் பேணி மாறிப்போச்சு.”

“எந்தப் பேணி?”

கொண்டுவந்து கொடுத்தேன். திறந்து மணந்து பார்த்தார். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

“உதைப் போடப்பிடாதெண்டு எங்களுக்குச் சொன்னதே அவள்தானே?”

“ஓம். நானும் சொன்னனான். தனக்குத் தெரியுமெண்டு சொன்னவ.”

அம்மப்பா பேணியை மூடி மடியில் வைத்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. இருமுகிறாரோ என்று பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

“பிள்ளை,” என்று சின்னம்மாவைக் கூப்பிட்டார் அம்மப்பா. அவர் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“கம்பஸ் எப்ப தொடங்குது?”

“அடுத்த மாதம் ஐயா.”

“அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போறதுக்குரிய அலுவலைப் பார்.”

சின்னம்மா அப்படியே நிலத்தில் இருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் பெரியவர்கள் எல்லாம் படிப்பை முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சின்னம்மாவை மட்டும் திரும்பவும் படிக்கப் போ என்கிறார்கள், ஒருநாள் கோப்பி பிழைத்துப்போனதற்காக. அன்று இரவே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், எனக்கு உடனே கோப்பி போடப் பழக்கச் சொல்லி.