மூன்று விரலுக்கு ஒரு பிரஷ்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். போன வருடம் துணி வெட்டும் மெஷினில் வலது கை சிக்கி, சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. தையல் பிரித்த பிறகு, என்னை முதலில் திணறடித்தது ஷேவிங் பிரஷ்தான். ரேசரை எப்படியோ பிடித்துக்கொண்டேன். பிரஷின் ஒல்லியான பிளாஸ்டிக் பிடியோ, நுரை பட்டதும் வழுக்கி வாஷ்பேசினில் விழுந்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள்.

“ஏனுங்க, நான் பண்ணி உடட்டுங்களா?”

“வேண்டாம் அம்மிணி.”

“சலூனுக்காச்சும் போய்ட்டு வாங்களேன்.”

சட்டைக்குப் பட்டன் போடுவது, சோறு பிசைவது என்று என் வேலைகள் ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. இதையும் விடுவதாக இல்லை. இடது கையால் செய்யவும் மனம் வரவில்லை. வலது கையைப் பழக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

கோயமுத்தூரில் மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கேட்கிறபடி ஷேவிங் பிரஷ் செய்து தருவதாக போனில் பார்த்து, அவரை அழைத்தேன். கை விஷயத்தைச் சொன்னதும், பேட்ஜர் என்ற விலங்கின் முடி வைத்த பிரஷ்தான் எனக்குச் சரிப்படும் என்றார்.

“பன்னி முடி பிரஷ் மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லீங்க. தண்ணிய நல்லாப் புடிச்சுக்கும், லேசாச் சுத்துனாலே நுரை வந்துருமுங்க. சரி, புடி எவ்வளவு தடிமன் வேணும்?”

அதை எப்படிச் சொல்வது? சமையலறையில் மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு உருண்டை கேட்டு வாங்கி, மூன்று விரலால் இறுகப் பிடித்தேன். விரல் பதிந்த அந்த மாவை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பனியன் துணியில் சுற்றி, பஸ் ஏறிப் பட்டறையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

பார்சலில் வந்த பிரஷ் தேக்கில் அழகாக இருந்தது. விரல்கள் அந்தந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தன. ஆனால் கண்ணாடி போல் பாலிஷ். நுரை பட்டதும் பழைய கதைதான்.

போனில் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “பாலிஷ் இல்லீன்னா மரத்துல தண்ணி எறங்கீருமுங்க.”

நான் மறுபடியும் பஸ் ஏறினேன். பட்டறைக் குழாயில் கையை நனைத்து, சோப்புப் போட்டு, பிரஷைப் பிடித்தேன்.

“பாருங்க” என்றேன்.

அது நழுவி மரச்சுருளில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, முடிப் பகுதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிட்டு, பிடியைக் கடைசல் மெஷினில் மாட்டினார். பாலிஷை உரசி எடுத்து, சுற்றிலும் வரிவரியாக ஆழமான கோடு இழுத்து, தண்ணீர் இறங்காதபடி எண்ணெய் மட்டும் தேய்த்துக் கொடுத்தார்.

“இப்பப் புடிச்சுப் பாருங்க.”

சோப்புக் கையால் பிடித்தேன். உதறியும் பார்த்தேன். நின்றது.

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று பிரஷைச் சுழற்றினேன். நுரை காதுக்குள்ளும் போனது, பனியனிலும் வழிந்தது. பிரஷ் மட்டும் விழவில்லை. மோவாயில் ஒரு சின்ன வெட்டோடு முடித்துவிட்டுத் திரும்பினால், மனைவி துண்டோடு நின்றாள். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“தாடைக்குக் கீழ கொஞ்சம் உட்டுப்போச்சுங்க.”

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பிரஷை மறுபடி தண்ணீரில் நனைத்தேன்.