அத்தானின் கார் தானாகக் கிளம்பிய மதியங்கள்

1997-ம் வருடம், ஆடி மாதம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், என் அக்கா வீட்டில் நடந்தது இது. 

அப்போது நான் துபாயில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். முந்தைய வருடம்தான் அத்தான் இறந்துபோயிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அரிசி மில்லுக்குக் காரில் கிளம்பியவர், மில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்தக் காரை விற்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அது நின்ற ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் முடியவில்லை. அத்தான் காலத்திலிருந்து வீட்டோடு இருந்த டிரைவரிடமும் கார்ச் சாவியைத் தர மறுத்தாள். ஓடாமல் நின்றதில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது.

தை மாதம் லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒரு ரிமோட் ஸ்டார்ட்டர் கொண்டுவந்தேன். துபாயில் வெயிலில் நிற்கும் காரை, வீட்டுக்குள்ளிருந்தே பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்து, ஏசியைக் குளிர விடுவார்கள். அக்காவும் ஷெட் பக்கம் போகாமலே தினம் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிடலாமே என்று நினைத்தேன். நானே ஒயர் இழுத்துப் பொருத்தினேன். பட்டனை அழுத்தியதும் ஆளில்லாத கார் உறும, தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கியரை நியூட்ரலில் வையுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும் என்று டிரைவருக்கு வகுப்பே எடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அக்காவிடமிருந்து கடிதம். 'இப்போதெல்லாம் மனசு லேசாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். எல்லாம் நம் பரிசின் மகிமை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கம்பெனி மாறியதில் ஆடியிலேயே மறுபடி ஊருக்கு வர முடிந்தது. வந்த முதல் நாள், மதியச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியிருந்தது. அக்கா இரண்டாம் கட்டில் குளிர்ந்த தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். டிரைவர் என் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்கட்டுக்கு அப்பால், ஷெட்டுக்குள் கார் ஸ்டார்ட் ஆனது. டிரைவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"யார் ஸ்டார்ட் பண்றது?" என்று எழுந்தேன். சமையல்கார அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அங்குட்டுப் போகாதீக தம்பி. ஐயா மில்லுக்குக் கிளம்புற நேரம்."

அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "அவுக தினமும் இந்நேரத்துக்கு வாராகடா. நீ பயப்படாதே" என்றாள். அவள் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. அக்காவிடம் ரிமோட் எங்கே என்று கேட்டதற்கு, "பத்திரமா இருக்கு. அவுகளே வரையில நான் எதுக்கு அமுக்கணும்?" என்றாள். மறுநாளும் அதே நேரத்தில் இன்ஜின் ஓடியது. பேய் பிசாசு என்றால் கேலி பேசுகிறவன் நான். எனக்கே, ஒருவேளை இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. வழக்கம்போல இன்ஜின் ஓடியது, நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது. "இன்னைக்கு ஐயாவுக்கு என்ன கோவமோ" என்று சமையல்கார அம்மா முணுமுணுத்தார். அவர் பக்கத்தில் டிரைவருக்கான சாப்பாடு மூடி வைத்தபடி இருந்தது.

"டிரைவர் இன்னும் சாப்பிடலையா?"

"பதினோரு மணிக்குக் காரு துடைக்கப் போனாரு. ஆளையே காணோம்."

ஷெட்டை நோக்கி ஓடினேன். ஷெட் கதவு புழுதிக்காக இறுக மூடியிருந்தது. வெளியே அவருடைய செருப்பு. கதவை உதைத்துத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. சுவரோரம் சாக்கில் கண்ணை மூடிக் கிடந்தார். கூப்பிட்டால் அசைவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அதற்குள் இன்ஜின் அணைந்திருந்தது. டிரைவர் முகத்தில் தண்ணீர் தெளிக்க அவள் குனிந்து உட்கார்ந்தாள். அந்தக் கணம், எங்கள் கண்ணெதிரே, ஆளில்லாத கார் மறுபடி ஸ்டார்ட் ஆனது. சமையல்கார அம்மா வீறிட்டார். என் பார்வை தற்செயலாக அக்காவின் இடுப்பில் விழுந்தது. வீட்டுச் சாவிக்கொத்தை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பாள். பெட்டகச் சாவி, நெல் அறைச் சாவி, அவற்றின் நடுவே நான் கொடுத்த ரிமோட்! இப்படி மடங்கிக் குனிந்தால் பட்டன் அழுந்தும். மதியம் ஒருக்களித்துப் படுத்தாலும், புரண்டாலும் அழுந்தும்.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் டிரைவர் கண் விழித்தார். அதுவரை உண்டியலில் காசு போடுவதாக நான் வேண்டாத சாமி இல்லை. "காரு துடைச்ச அசதியில கண் அசந்துட்டேன். இன்ஜின் சத்தத்துல முழிப்பு வந்துச்சு. ஐயா வந்திருக்காகளேன்னு பயந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். எழுந்து இரண்டு எட்டு வைத்திருந்தால் கதவு. கார் புகை மூடிய ஷெட்டில் ஆளைக் கொன்றுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் சோறு தின்கிற நான், என் பரிசின் பெருமையைப் பேசிய வேகத்தில், கதவைத் திறந்து வையுங்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்றே ஒயர்களைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் மதியம் அக்கா படுக்கவில்லை. பின்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இத்தனை நாளும் வந்தது அவுக இல்லையாடா? நான்தானா?" என்று கேட்டாள்.

அவள் சாவிக்கொத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். இன்று யாருக்கு எதைக் கொடுத்தாலும் அதன் ஆபத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெருமையைச் சொல்கிறேன். ஆனால் டிரைவர் பிழைத்ததற்காகச் சாமிக்கு நன்றி சொல்லும்போதெல்லாம், அத்தானை அக்காவிடம் தினமும் கொண்டுவந்து விட்டதும், அவளிடமிருந்து இரண்டாம் முறை பறித்ததும் நான்தானே என்று மனம் குறுகிப்போகிறது.