வென்றவர்கள் வெட்டிய வலை

டோர்வல் விமான நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கல்லூரி விளையாட்டு மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். பெண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டி பிழையில்லாமல் நடந்து முடிந்தால் நிரந்தரமாக்குவோம் என்றார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. தொழில்முறை அணிகளின் இறுதிப்போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தே நரைத்தவர். எந்த வருடம் யார் கிண்ணம் எடுத்தார்கள், எந்த நெட்டையன் கடைசி நொடியில் கோட்டைவிட்டான் என்பதையெல்லாம் தரை துடைக்கும்போது சொல்லிக்கொண்டே வருவார். நான் "ஓம் அண்ணை" என்பேன். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

இறுதிப்போட்டி அன்று அவருக்குச் சொந்தத்தில் ஒரு கலியாணம். மண்டபத்தை என்னிடம் விட்டுப் போனார்.

"தம்பி, வளையத்திலை புது வலை கட்டியிருக்கு. நாளைக்கு விடிய சின்னப்பிள்ளையளின்ரை ஆட்டம். வேறை வலை கைவசம் இல்லை. ஒண்டும் பழுதாகக் கூடாது."

எங்கள் கல்லூரிதான் வென்றது. பெண்பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு இரண்டு பேர் போய் என்னுடைய ஏணியைத் தூக்கிவந்து வளையத்துக்குக் கீழே வைத்தார்கள். ஒருத்தி கத்தரிக்கோலுடன் ஏறி, வலையில் ஓர் இழையை வெட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிறவன் அல்ல. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவன். அன்று மண்டபம் முழுக்கக் கேட்க "நோ!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் ஏணியைக் கட்டிப்பிடித்தேன். விழாமல் இருக்கப் பிடிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, மேலே நின்றவள் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது இழையையும் வெட்டினாள்.

ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் பக்கம் கலியாண மேளம் கேட்டது.

"அண்ணை, வலையை வெட்டுகினம்!"

"ஆர்?"

"வெண்ட பிள்ளையள்!"

"தோத்தவை வெட்டினாலும் ஒரு ஞாயம் இருக்கு. வெண்டவை ஏன் வெட்டுகினம்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எத்தினை இறுதிப்போட்டி பாத்தனான்! ஒருத்தன் வலையிலை கை வைச்சதில்லை. போனை அந்தப் பயிற்சியாளரிட்டைக் குடும்."

பயிற்சியாளர் உயரமான பெண். போனைக் காதில் வைத்து, பிறகு காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அண்ணையின் பிரெஞ்சு எனக்கே கேட்டது. பிரெஞ்சு படிக்கப் போய் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பழைய சாம்பியன்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அண்ணை முடிக்கும்வரை அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டார். பிறகு இரண்டு வசனம்தான் சொன்னார். மறுபக்கம் மேளம் மட்டும் கேட்டது.

எனக்கு மெதுவான ஆங்கிலத்தில் விளக்கினார். தொழில்முறை அணிகளின் வழக்கம் வேறாம். கல்லூரிகளில் பட்டம் வென்றவர்கள் ஆளுக்கோர் இழை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது பழைய வழக்கமாம்.

நான் தோற்ற அணியைப் பார்த்தேன். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் இருந்த கிண்ணத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லோரும் ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஏணியை உண்மையாகவே விழாமல் பிடித்தேன். கடைசி ஆள் இறங்கியபோது வளையம் மொட்டையாக இருந்தது.

அடுத்த நாள் சின்னப்பிள்ளைகளின் ஆட்டத்தில், வலை இல்லாத அந்தப் பக்கம் பந்து விழுந்ததா இல்லையா என்று அப்பாமார் சண்டை பிடித்தார்கள். வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

திங்கட்கிழமை முகாமையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பயிற்சியாளர் போன் கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும். முகாமையாளர் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். நடுவில் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை சிரித்தார். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னவாம் அண்ணை?"

"உமக்கு வேலை நிரந்தரமாம்."

"அவ்வளவு நேரம் என்ன கதைச்சவர்?"

"அது உமக்கில்லை," என்று சொல்லிவிட்டு அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.