வீரபாகு கொடுத்த பொய் மாதிரி

ஆம்பூரில் வீரபாகு கை வைத்துப் பார்க்காமல் முனீர் பாயின் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு தோல் கப்பலேறியதில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பதினோரு வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, நாற்பதில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேசைக்கு ஏறியவன். பட்டம் வாங்கி வந்த எத்தனை பேர் அந்த மேசையருகே திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்கள்!

தோலின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கிக் கொதிநீரில் போடுவான். சுருங்கினால் பதம் ஏறவில்லை. மொத்தத் தோலும் திரும்பப் பதனிடும் டிரம்முக்குப் போகும். ஒருமுறை டிரம் ஓட்டும் ஆதிகேசவன் வேறொரு நல்ல தோலில் துண்டு வெட்டி, அதுதான் மாதிரி என்று கொடுத்து ஏய்க்கப் பார்த்தான். பாய் தடுத்தும் கேளாமல், "பொய் மாதிரி குடுக்குறவன் மனுசனே இல்ல" என்று அன்றே வெளியே தள்ளினான் வீரபாகு.

எண்பத்து நாலாம் வருஷம் அவன் கழுத்தில் புற்றுக் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கதிர்வீச்சில் கருக்க முப்பது நாள் கரண்ட் வைத்தார்கள். போதாததற்கு, நேற்று முளைத்த டாக்டரம்மா ஒருத்தி கரண்டுக்கு முன்னும் பின்னும் ரத்தம் கேட்டாள். நரம்பு சுரக்கிற ஏதோ ஒன்று ரத்தத்தில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கவாம். வெறும் வயிற்றோடு வேறு வரவேண்டுமாம்.

"ஏறினா இன்னா, இறங்கினா இன்னாம்மா?"

"அதைத்தான் பெரியவரே கண்டுபிடிக்கப் பாக்குறோம்."

"தெரியாததுக்கு ஊசி வேறயா!"

கடைசியாக ரத்தம் கொடுக்கவேண்டிய அன்று, வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இடியாப்பத்தை ஆட்டுக்கால் பாயாவில் ஊறவைத்து, ஒரு மாதமாகக் கஞ்சி மட்டுமே இறங்கிய தொண்டையில் இறக்கிக் காட்டினான்.

"ஒண்ணும் துன்னாம வரச் சொன்னாங்களேய்யா" என்றாள் மனைவி பங்கஜம்.

"அந்தப் பொண்ணு கிடக்குது. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மாவிடம், பச்சைத் தண்ணிகூடத் தொடவில்லை என்று சாதித்தான்.

பத்தாம் நாள் கூப்பிட்டனுப்பினாள். "முன்ன இருந்ததைவிட மூணு மடங்கு ஏறியிருக்கு. ஏன்னு புரியல. கட்டி இருந்த இடத்தைக் கீறிப் பாக்கலாமான்னு பெரிய டாக்டரைக் கேக்கணும்."

வாயை மூடியிருந்தால் கழுத்தில் கத்தி. திறந்தால் மானம் போகும். பங்கஜம் வாயைத் திறக்கப் போனாள். அவன் முந்திக்கொண்டான்.

"அது பொய் மாதிரிம்மா. பாயா துன்னுட்டு வந்தேன். தூக்கிக் கடாசு. வேற எடு."

மறுவாரம் வெறும் வயிற்றோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான். ரத்தம் கொடுக்க வந்த பக்கத்து ஆள் பிஸ்கட்டைப் பிரித்தான்.

"இன்னாய்யா துன்ற? மனுசனா நீ? துப்பு!"

எண் இறங்கியிருந்தது, கழுத்தைக் கீறவில்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று டாக்டரம்மாவுக்கு இன்னமும் தெரியாது.

"என் ஒடம்பு எனக்குத் தெரியும்னு நான் சொல்லல?" என்று பங்கஜத்திடம் சொல்லிக்கொண்டே பாயா கடையை நோக்கி நடந்தான் வீரபாகு.