உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்

பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், போன் அடித்தது. பக்கத்துச் சந்து மாரியம்மாள். "அக்கா, செல்லையா அண்ணாச்சி எந்திரிக்கல. புஷ்பம் அக்கா விடியக்காலத்துல இருந்து சத்தம் போட்டுக்கிட்டே இருந்திருக்காவ, எங்களுக்குத்தான் கேக்கல." ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர். புஷ்பம் அக்கா அவருடைய மனைவி. பக்கவாதத்தில் படுத்துப் பல வருஷமாகிறது. பக்கத்தில் கணவர் அசையாமல் கிடப்பது தெரிந்தும், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அக்காவால் முடியவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவரை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் இருவரும் கிடந்த அந்த அறையைச் சொல்லாமல் முடியாது.

செல்லையா அண்ணாச்சி தாராவியில் எங்கள் வெல்டிங் பட்டறையின் மேஸ்திரி. என் கணவர் காலத்தில் வந்தவர். கணவர் போன பிறகு, பொம்பளை எப்படிப் பட்டறை நடத்துவாள் என்று கேட்ட வாய்களையெல்லாம் "நான் இருக்கேம்லா, உமக்கு என்னவே?" என்று அடைத்தவர். கோபக்காரர். டீ ஆறிப்போனால் கூட அரை மணி நேரம் பேச மாட்டார்.

ஜன்னல் கிரில்தான் எங்கள் பிழைப்பு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் திலக் நகரிலும் எத்தனையோ வீடுகளில் அவர் கை பட்ட கம்பிகள் இன்றும் இருக்கின்றன. "பம்பாய்க்காரன் மாதிரி உண்டுமா தங்கச்சி? துட்டு குடுத்துக் கூண்டு செய்யச் சொல்லி, அதுக்குள்ள அவனே போயி உக்காந்துக்கிடுதான்" என்று சிரிப்பார். அவருக்கோ மூடின இடமே ஆகாது. கிரில் மாட்ட எத்தனையாவது மாடி என்றாலும் படியில்தான் ஏறுவார், லிஃப்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். லோக்கல் ரயிலில் வாசலோரம்தான் நிற்பார். பயமா அண்ணாச்சி என்று கேட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் வனத்துறை அதிகாரி ஒருவர் புலிக் கூண்டு கேட்டு வந்தார். மேற்கு மலையில் ஒரு காடு. வேட்டையாடியே புலியை இல்லாமல் ஆக்கிவிட்ட காடு. காவலைக் கூட்டி, மானும் காட்டுப்பன்றியும் மறுபடி பெருகிய பின், புலிகள் நிறைய இருக்கும் கிழக்குக் காட்டிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து விடப்போகிறார்களாம். இரும்புச் சட்டம், உள்ளே பலகை, இரண்டு முனையிலும் மேலே தூக்கும் கதவு. புலி உள்ளே திரும்ப முடியாத அகலம்தான் இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. திரும்ப இடமிருந்தால் முட்டி மோதி அடிபட்டுக்கொள்ளுமாம்.

"திரும்பக் கூட முடியாதா? அப்போ நம்ம சந்து மாதிரிதான்" என்றார் அண்ணாச்சி.

சொன்னவர் சந்தின் அகலத்தை அளந்து பார்க்கவில்லை. கூண்டு முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு போனால், யூசுப் பாய் வீட்டு இரும்புப் படியில் சிக்கிக்கொண்டது. முந்தின மாதம் அந்தப் படியை வைத்துக் கொடுத்ததே எங்கள் அண்ணாச்சிதான். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அவரே படியை அறுத்தார். மேலே நின்றிருந்த பாய், "அரே செல்லையா, அப் மை நீச்சே கைசே ஆவூங்?" என்று இந்தியில் கேட்டார், இனி நான் எப்படிக் கீழே வருவது என்று. "புலி போவட்டும் பாய், பொறவு உம்ம எறக்கி விடுதேன்" என்று அண்ணாச்சி தமிழிலேயே பதில் சொன்னார். சாயங்காலம் படியைத் திரும்ப ஒட்டிக் கொடுக்கும் வரை பாய்க்குக் கயிற்றில் டீ போனது.

லாரியில் ஏற்றும் முன் அண்ணாச்சி, "கொஞ்சம் பொறுங்க" என்றார். குனிந்து கூண்டுக்குள் போனார். "கதவ எறக்குங்க." நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இறக்கினோம். உள்ளே சத்தமே இல்லை. நான் பயந்து கூப்பிடப்போன நேரத்தில் பலகையைத் தட்டினார். வெளியே வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. "மூலையில வெல்டிங் பிசிறு ஒண்ணு குத்துது. காத்து ஓட்டையெல்லாம் மேல இருக்கு, படுத்துக் கெடந்தா மூஞ்சி கீழ இருக்கும்லா?" என்றவர் பிசிறைத் தேய்த்தார், கீழே புதிதாகத் துளை போட்டார். அதிலிருந்து எந்தக் கூண்டும் அவர் உள்ளே உட்காராமல் வெளியே போனதில்லை.

ஏன் இந்த வேலை உங்களுக்கு என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கே தாங்கலன்னா அதுக்கு எப்படித் தாங்கும்? அது என்ன தப்பு பண்ணிச்சு, அடைபட்டுக் கெடக்க?" என்றார்.

அக்கா பக்கவாதத்தில் விழுந்தது அதற்குப் பிறகு. ஒரே பக்கம் படுத்திருந்தால் முதுகில் புண் வந்துவிடும், நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அண்ணாச்சி வேலைக்கு நடுவில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார், திருப்பி விட்டு வருவார். பிள்ளைகள் இல்லை. கூண்டு திறக்கிற அன்று காட்டுக்கு வாருங்கள் என்று அதிகாரி ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். ஒரே ஒரு தடவையாவது அது வெளியே போவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அண்ணாச்சிக்கு எவ்வளவு இருந்தது என்பது எனக்குத் தெரியும். "புஷ்பத்த யாரு திருப்புவா?" என்பார். நான் இருக்கிறேனே என்றால், "வேற ஆள் கை பட்டா அவளுக்கு வெக்கம்" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். பத்துக்குப் பத்து அறை, பட்டறை, இரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து. மனிதர் இப்படியே முடிந்துபோவாரே என்று சண்டை கூடப் போட்டிருக்கிறேன்.

அதிகாரி வீடியோ அனுப்பினார். கதவு மேலே போகிறது. புலி வரவில்லை. திறந்த கதவைப் பார்த்தபடி உள்ளேயே படுத்திருக்கிறது. ஆட்கள் கூண்டைத் தடதடவென்று தட்டுகிறார்கள். அண்ணாச்சி என் போனைப் பிடுங்கி அதிகாரியைக் கூப்பிட்டு, "தட்டாதிய சார். அடைபட்டுக் கெடந்தது, வெளிய போறதுன்னா அதுக்கு யோசனையா இருக்கும்லா? அது வரும்போது வரட்டும்" என்று சத்தம் போட்டார். அடுத்த தடவை யாரும் தட்டவில்லை என்று அதிகாரியே சொன்னார்.

போன வருஷம் ஒரு படம் வந்தது. காட்டில் வைத்த கேமராவில் பதிந்தது. நாங்கள் அனுப்பிய கூண்டில் போன தாய், அதன் பின்னால் குட்டிகள். புலியே இல்லை என்று கைவிட்ட காட்டில் பிறந்த குட்டிகள். அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, அக்கா முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஏ புஷ்பம், பேரப்பிள்ளயளப் பாத்தியா?" என்றார். அக்கா சிரித்தார்கள். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும்.

இந்தத் தடவை ஆர்டர் வந்தபோது அக்காவே சொல்லிவிட்டார்கள். பேச்சு குழறும், ஆனாலும் அன்று தெளிவாக வந்தது. "நீ போயிட்டு வா. என்னையத் தங்கச்சி திருப்பும்." இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி தோல் கடையில் பேரம் பேசி ஒரு பயணப் பை வாங்கி வந்து பட்டறை வாசல் ஆணியில் மாட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையா என்றேன். "அவ தெனம் அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பா" என்றார். கூண்டு முடிந்தது. உள்ளே உட்கார்ந்து பார்ப்பதுதான் பாக்கி. நாளைக்குப் பார்ப்போம், இன்றைக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்குப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் கூண்டை ஏற்ற லாரி வந்தது. பட்டறை ஆட்கள் யாரும் அதைத் தொடவில்லை. யார் உள்ளே போவது என்று ஒருவரும் கேட்கவுமில்லை. நான் சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்து போனேன். கதவு இறங்கியது.

இருட்டு. திரும்ப முடியவில்லை. படுத்துப் பார்த்தேன். கீழே போட்ட துளைகளிலிருந்து காற்று நேராக முகத்தில் பட்டது. பலகையையும் மூலைகளையும் கையால் தடவினேன். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

தட்டினேன். கதவு மேலே போனது. எதிரே சந்து, யூசுப் பாயின் படி, ஆணியில் தொங்கும் பை. என்னால் உடனே எழ முடியவில்லை. வெளியே யாரோ பலகையைத் தட்ட ஆரம்பித்தார்கள். "தட்டாதீங்க" என்றேன். "வரும்போது வாரேன்."

அண்ணாச்சி, உங்களை யாரும் தட்டி அவசரப்படுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது, மெதுவாகவே போங்கள். அக்காவை இப்போதுதான் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். சாயங்காலம் மறுபடி போய் இந்தப் பக்கம் திருப்புகிறேன்.